கடவுச்சொல் அப்பாவிடம் இருக்கிறது

துவைத்த துணிகளை மடிக்கும்போது பாட்டுக் கேட்பது அந்த வீட்டு அம்மாவுக்கு வழக்கம். அன்றும் கைப்பேசியில் மாதச் சந்தா கட்டும் பாட்டுச் செயலியைத் திறந்து, தனக்குப் பிடித்த பழைய படப் பாட்டைத் தட்டினாள். பாட்டின் பெயர் மங்கலாகத் தெரிந்ததே தவிர, எத்தனை முறை தட்டியும் குத்துக்கல் மாதிரி அசையவில்லை.

“ஏங்க, என் பாட்டு எங்க போச்சு?”

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். அவர் வாங்கிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள்தான் விளக்கினாள். “அந்தப் படத்தோட ஒப்பந்தம் முடிஞ்சிருக்கும்பா. கம்பெனிக்காரங்க எடுத்துட்டாங்க.”

“மாசாமாசம் காசும் வாங்கிக்கிட்டு, பாட்டையும் எடுத்துக்குவானா? நல்ல நியாயம்டா சாமி.”

கோபம் வந்தால் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கி, தூசி தட்டி, பெரிய டிஸ்க் ஒன்றைப் பொருத்தினார். வீட்டிலிருந்த சி.டி.க்களை எல்லாம் அதில் ஏற்றினார். இல்லாத பாட்டுகளைக் காசு கொடுத்தே வாங்கினார். மகளும் சொந்தக்காரர்கள் பாடும்போது தன் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த பாட்டுகளைக் கொடுத்தாள். வீட்டில் யார் கைப்பேசியில் தட்டினாலும் அந்தப் பெட்டியிலிருந்து பாட்டு வந்தது. சந்தாவை நிறுத்திய அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கோட்டையைப் பிடித்த ராஜா கெட்டார்.

ராஜாவானால் சட்டம் போடாமல் இருக்க முடியுமா? கடவுச்சொல் அவரிடம் மட்டும் இருந்தது. புதுப்பாட்டுச் சேர்க்க வேண்டுமென்றால் அவரிடம்தான் மனுப் போட வேண்டும். மகள் கேட்டவற்றில் பாதியை, “இதெல்லாம் ஒரு பாட்டா? தகர டப்பாவை உருட்டுற மாதிரி இருக்கு” என்று தள்ளிவிட்டார். கொஞ்ச நாளில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். வீட்டில் அமைதி நிலவுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு விடுமுறை நாளில் பெட்டியை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தார். ஒரே பெயரில் இரண்டு பாட்டுகள் இருந்தால் தெளிவாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தார். பட்டறையைச் சுத்தம் செய்த திருப்தி அவருக்கு. மிச்சமான இடத்தில் மேலும் புதுப்பாட்டுகளை ஏற்றினார்.

அடுத்த வாரம் மனைவியின் அண்ணன் வருவதாக இருந்தது. அவர் லாரி ஓட்டுநர், நல்ல பாட்டுக்காரர். தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு பேச்சே காற்றாகத்தான் வந்தது; பாட்டு என்பது இனி இல்லை. அதற்கு முன்பு ஒரு நாள் இவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தங்கைக்குப் பிடித்த அந்தப் பழைய படப் பாட்டை அவர் பாடியிருந்தார். மகள் பதிந்து வைத்திருந்த அந்தப் பாட்டை அவருக்கே போட்டுக் காட்ட வேண்டுமென்று தங்கைக்கு ஆசை.

தேடினாள். படத்தில் வந்த பாட்டுத்தான் ஒலித்தது.

“ஏங்க, அண்ணன் பாடினது எங்க?”

மெக்கானிக் பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தார். “ஒரே பேர்ல ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு கரகரன்னு இருந்துச்சேன்னு எடுத்துட்டேன்.”

“கேட்டுப் பார்த்தீங்களா?”

“ஆரம்பத்துல கொஞ்சம் கேட்டேன். பாத்திரச் சத்தமா இருந்துச்சு.”

“சாப்பிட்ட தட்டை நான்தாங்க எடுத்துக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறம்தான் அண்ணன் பாட ஆரம்பிச்சார்.”

அவர் மகளைப் பார்த்தார். “உன் போன்ல இருக்குமேம்மா?”

“உங்க பெட்டியில பத்திரமா இருக்கும்னு அழிச்சுட்டேன்பா.”

அவர் தலைகீழாக நின்று பார்த்தார். அழித்த இடத்தில் புதுப்பாட்டு ஏறிவிட்டது, போனது போனதுதான். மனைவி சண்டை போடவில்லை. “கம்பெனிக்காரன் எடுத்தப்போ நீங்க கோபப்பட்டீங்க. இப்போ நான் யார்கிட்ட போய்க் கோபப்படுறது?” என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவள் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

மகள் தன் தோழிகளிடமெல்லாம் விசாரித்தாள். எப்போதோ, “எங்க மாமா எப்படிப் பாடுறார் பாரு” என்று ஒருத்திக்கு அனுப்பிய துண்டு ஒன்று கிடைத்தது. அதில் பல்லவி மட்டும்தான் இருந்தது.

அண்ணன் வந்தார். நடந்ததை மெக்கானிக்கே மறைக்காமல் சொல்லிவிட்டு அந்தத் துண்டை ஒலிக்கவிட்டார். கனத்த, இனிய குரல் கூடத்தை நிறைத்து, பல்லவி முடிந்ததும் நின்றுபோனது. அண்ணன் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

“இன்னொரு தடவை போடுங்க மாப்பிள்ளை,” என்றார், காற்றாக.

இரண்டாம் முறை அது நின்ற இடத்தில் தங்கை சரணத்தை எடுத்துப் பாடினாள். சுருதி எங்கெங்கோ போயிற்று. அண்ணன் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு கடைசிவரை கேட்டார். மெக்கானிக்கின் கண்கள் கலங்கிவிட்டன.

அவர் மகளைக் கூப்பிட்டுப் பெட்டியின் முன்னால் உட்காரவைத்தார். கடவுச்சொல்லை எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். “உனக்குப் பிடிச்சதை ஏத்திக்கோம்மா. எல்லாத்தையும் இன்னொரு டிஸ்க்லயும் போடு. அது மாமா வீட்டுல இருக்கட்டும்.”

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“எந்த லிஃப்ட்டையும் ஒத்தைக் கயித்துல தொங்க விடக் கூடாது மச்சான். ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கணும்னு நாலஞ்சு கயிறு போடுவோம். வேலைக்கு வர்ற பசங்களுக்கு அதைத்தான் முதல்ல சொல்லிக் கொடுப்பேன். வீட்டுல மட்டும் எல்லாத்தையும் என் ஒருத்தன் கையில தொங்க விட்டேன். கம்பெனிக்காரன்கிட்ட இருந்து மீட்டேன்னு பெருமைப்பட்டேனே தவிர, வீட்டுக்குச் சொந்தமாக்கல, நானே இன்னொரு கம்பெனி ஆயிட்டேன். பொதுப் பொருள்னா சாவி எல்லார்கிட்டயும் இருக்கணும். ஒருத்தருக்குக் குப்பையாத் தெரியுறது இன்னொருத்தருக்கு உயிரா இருக்கும். கேக்காம எதையும் அழிக்கக் கூடாது.”