நாலாவது தேசிக்காய்

மருதனார்மடம் சந்தியில், என் கார் றேடியோக் கடை வாசலில், தம்பிஐயாவின் கார் வந்து நின்றபோது பாட்டைவிட ஒப்பாரிதான் பெரிதாகக் கேட்டது. பாடகர் பாடிக்கொண்டிருக்க, பின்னால் யாரோ மூக்கால் 'ஈஈ' என்று இழுத்தார்கள். தம்பிஐயா அக்சிலேற்றரை மிதித்தால் இழுவையும் மேலே ஏறியது.

"கேட்டியே தம்பி, செத்த மனிசன்ரை குரல்," என்றார் பின்சீற்றில் இருந்த அவருடைய மனைவி மீனாம்பிகை. "இந்தக் காரை முந்தி வைச்சிருந்தவர் போன வருசம் நெஞ்சு வலியிலை போனவர். காரை விடமாட்டனெண்டு அழுறார்."

"அவர் செத்தது ஆசுப்பத்திரியிலை," என்றார் தம்பிஐயா. "காருக்குள்ளை இல்லை."

"அதுதான் அழுறார். கடைசியா ஒருக்கா காரைப் பாக்கேலையெண்டு."

தம்பிஐயாவுக்கு இதுதான் வாழ்க்கையின் முதல் கார். பின்னேரம் உரும்பிராயிலிருந்து ஒருவர் அதை வாங்க வருகிறார். அதற்கு முன் சத்தம் நிற்காவிட்டால் கார் கைமாறும். மீனாம்பிகை போட்ட தீர்ப்பு அது.

தம்பிஐயா என் காதுக்குள் சொன்னார்: "பேய் இருந்தாலும் காரியமில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கப் பண்ணு."

பேய்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் இந்த இழுவையும் நின்றது. ஸ்ராட் பண்ணினால் மறுபடி 'ஈஈ'. சாவிக்குக் கட்டுப்படுகிற பேயை நான் கேள்விப்பட்டதில்லை. காரின் றேடியோச் செற்றைக் கழற்றிவிட்டுக் கடையிலிருந்த புதுச் செற்றைப் பூட்டினேன். அதிலும் அழுதார்.

"பாத்தியளே, செற்றை மாத்தியும் ஆள் மாறேல்லை," என்றார் மீனாம்பிகை, வென்றவர் போல.

குற்றம் செற்றில் இல்லை. கரண்ட் வந்துபோகிற வழியில்தான் இருக்க வேண்டும். பொனற்றில் கை வைத்தேன்.

"தம்பி, அதைத் திறக்காதை!"

"ஏன் அக்கா?"

"சுடும்."

திறந்தேன். பற்றரியின் கறுப்பு வயரைக் காரின் உடம்போடு சேர்த்துப் பூட்டும் ஆணியை நாங்கள் ஏர்த் என்போம். அந்த ஆணியில் மூன்று தேசிக்காய்களும் பச்சை மிளகாய்களும் செப்புக் கம்பியில் கோர்த்து முறுக்கப்பட்டிருந்தன. எலுமிச்சைப் புளி வடிந்து, ஆணி முழுவதும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஏர்த் சரியாகப் பிடிக்காவிட்டால் எஞ்சினின் இரைச்சல் பாட்டுக்குள் புகுந்துவிடும்.

தம்பிஐயா எட்டிப் பார்த்தார். "இஞ்சேரும், என்ன இது, ஊறுகாயே?"

"முன்னுக்குக் கட்டுவமெண்டு கேட்டனான். லொறி மாதிரிக் கிடக்குமெண்டு நீங்கள்தானே விடேல்லை! அதாலை உள்ளுக்குக் கட்டினன். நூல் சூட்டுக்கு அறுந்துபோச்சு. அதுதான் கம்பி."

"அக்கா," என்றேன், "முதல் தேசிக்காய் கட்டினது சத்தம் வர முன்னமோ, பிறகோ?"

"முன்னம். கண்ணூறுக்கு. பிறகுதான் சத்தம் துடங்கினது. ரெண்டாவதைக் கட்டினன், கூடிச்சுது. மூண்டாவதையும் கட்டினன்."

"நாலாவதும் கட்டியிருந்தால் கார் ஸ்ராட்டே வந்திருக்காது."

கம்பியை அறுத்து எறிந்தேன். ஆணியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பளபளத்ததும் இறுக்கிப் பூட்டினேன். தம்பிஐயா ஸ்ராட் பண்ணி, மிதிக்கக்கூடிய அளவுக்கு மிதித்தார். பாடகர் தனியாகப் பாடினார்.

மீனாம்பிகை நெடுநேரம் காது கொடுத்தார். "தேசிக்காயைக் கழட்டினவுடனை நிண்டிட்டுது, என்ன?"

"ஓம் அக்கா."

"அப்ப அந்த மனிசன் போகத்தான் நிண்டிருக்கிறார். நான்தான் தேசிக்காயைக் கட்டி மறிச்சுப்போட்டன். பாவம், திறந்துவிடச் சொல்லியெல்லோ அழுதிருக்கிறார்!"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். காரிலிருந்து இறங்கிய தம்பிஐயா, அக்சிலேற்றரைப் போலவே என் காலையும் மிதித்தார்.

"ஓம் ஓம், ஆள் போயிட்டார்," என்றவர், அந்த நிமிடமே உரும்பிராய்க்காரருக்குப் போன் எடுத்தார். "வரவேண்டாம். கார் விக்கிறேல்லை. நாங்கள் சமாதானமாப் போயிட்டம்."

மீனாம்பிகை காரில் ஏறப் போனவர், நின்று என் கடைக்குள் பார்த்தார். சுவர் முழுக்கச் செற்றுகளும் ஸ்பீக்கர்களும்.

"தம்பி, அவர் கனதூரம் போயிருக்கமாட்டார். பாட்டுக் கேட்டுப் பழகின மனிசன்." கைப்பையிலிருந்து நாலாவது தேசிக்காயை எடுத்து என் கையில் வைத்தார். "வாசல்லை கட்டு."

கட்டினேன். நூலால்.