சாலைக்கு முன்னால் ஓடிய ஜீப்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. வெள்ளிமலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணிமொழி சொன்னது.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன். ‘மலைப்பாதையில் மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த...’ இல்லை. மழை போனுக்குள்தான் பெய்தது.

2

மணிமொழியும் தேவிப்ரியாவும் கள்ளக்குறிச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள். மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் வீடியோ கேம் ஒன்றை இரண்டு வருடமாகச் செய்கிறார்கள். மணிமொழி படம் வரைவாள், தேவிப்ரியா நிரல் எழுதுவாள். வெள்ளிக்கிழமை கேம் வாங்கும் கம்பெனிக்காரர் ஒருவர் அதைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால், திங்கட்கிழமை தேவிப்ரியா சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவாள்.

மணிமொழியின் போனில் கேம் திக்கித் திக்கி ஓடியது.

“போனுக்குள்ள எட்டு கோர் இருக்குதுடி, எட்டு மூளை மாதிரி. ஒண்ணுதான் வேலை செய்யுது, மத்ததுலாம் சும்மா குந்திக்கினு இருக்குது” என்றாள் தேவிப்ரியா.

மழையை ஒன்றுக்கு, ஜீப்பை ஒன்றுக்கு, சாலையை இன்னொன்றுக்கு என்று பிரித்துக் கொடுத்தாள். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. இருவரும் கத்தினார்கள். அடுத்த ஆட்டத்தில் ஜீப் சாலைக்குள் மூழ்கிக் காணாமல்போனது.

[என் குறிப்பு: அடுத்த வளைவில் சாலை தயாராவதற்குள் ஜீப் அங்கே போய்விடுகிறது. காத்திருக்க வைத்தால் மறுபடி திக்கல். வேலையைப் பிரித்துவிடலாம், யார் யாருக்காகக் காத்திருப்பது?]

3

முதல் வரைவில் தேவிப்ரியாவைக் கோபக்காரியாக எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்:

“மெதுவா ஓடுனாலும் பரவால்ல, பழசையே காட்டலாம்டி” என்றாள் மணிமொழி.

“உனுக்கு எப்பவும் பயம்தான்.”

“பின்ன இன்னா? நீ பாட்டுக்குச் சென்னைக்குப் போயிடுவ. நான் இன்னா பண்றது?”

தேவிப்ரியா மறுபடி நிரலைத் திறந்தாள்.

4

வெள்ளிக்கிழமை, வேகமானதைத் திறந்து கொடுத்தது மணிமொழிதான். (ஏன் என்று கேட்டேன். “தெரியலங்க. அவ மூஞ்சியப் பார்த்தன், தொறந்துட்டன்.”)

எட்டு வளைவு ஒழுங்காகப் போயிற்று. ஒன்பதாவதில் ஜீப் மூழ்கியது.

“யாரோட தப்பு இது?” என்றார் வந்தவர்.

“நான்தான்” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

அவர் சிரித்துவிட்டார். சரிசெய்யப் பத்து நாள் கொடுத்தார்; அதற்குமேல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

5

மணிமொழி போனை என்னிடம் நீட்டினாள். “ஓட்டிப் பாருங்க.” ஓட்டினேன். பன்னிரண்டு வளைவு, ஜீப் மூழ்கவில்லை.

“நேத்து காலைல அவ அனுப்புனா.”

“எங்கேயிருந்து?”

சொன்னாள். வெள்ளிமலை வந்தது, இறங்கிப் போய்விட்டாள்.

ஊர்ப்பெயரை நான் எழுதப்போவதில்லை. சென்னை, கள்ளக்குறிச்சி, எதை எழுதினாலும் இருவரில் ஒருத்தி தோற்றவளாகத் தெரிவாள். மணிமொழி குரலில் அப்படி எதுவும் இல்லை. நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்:

தேவிப்ரியா அதை .................. ஊரிலிருந்து அனுப்பினாள்.