கையெழுத்தும் ஊசியும்

பெயின்டர் ஜாமீனில் வெளியே வந்தவர். திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்குப் போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மாதத்தின் முதல் திங்களன்று, அதே பத்து மணிக்கு, எதிர்த்தெரு மனநல மையத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே நீதிமன்றத்தின் உத்தரவு. போன மாதம் ஊசி தவறிவிட்டது. பதிவேட்டில் இன்னொரு முறை ‘வரவில்லை’ என்று விழுந்தால் மறுபடி சிறை.

“மணியை மாத்தக் கூடாதா சார்?” என்று கேட்டாள் மையத்தின் நர்ஸ்.

“நமக்கெதுக்கும்மா ஊர் வம்பு? வரலைன்னா வரலைன்னு எழுதிட்டுப் போ,” என்றார் மேலாளர்.

இந்த முதல் திங்களன்று, பத்து மணிக்கு முன்பே, அவள் ஊசிப் பையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கே போனாள்.

வரிசை சுவரோரமாக வளைந்து நின்றது. வியர்வையும் பினாயிலும் கலந்த நாற்றம். பெயின்டர் பதினெட்டாவது ஆள்.

“ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு சொல்வாங்க. எனக்கு ரெண்டு காலும் சேத்துலதான் சிஸ்டர்,” என்று சிரித்தார்.

மேசையிலிருந்த போலீஸ்காரர் நிமிர்ந்தார். “என்னம்மா, வெறிநாய் ஊசியா? யாரையாவது கடிச்சு வச்சிட்டானா?”

வரிசையே சிரித்தது.

“ஒரு அறை வேணும் சார். இடுப்புல போடுற ஊசி.”

“அறையா? இதென்ன லாட்ஜா? இங்கயே போடு. நாலு பேர் பாத்தாத்தான் புத்தி வரும்.”

பெயின்டர் சுவர்ப் பக்கம் திரும்பி, பெல்ட்டை அவிழ்க்கத் தொடங்கினார். பழகிய கை. தன் கையில் கையுறை ஏறியிருந்ததைக் கண்டபோது நர்ஸுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. எப்போது மாட்டினாள்?

கழற்றினாள். “பெல்ட்டைப் போடுங்கண்ணே. இங்க வேணாம்.”

“அப்ப நான் மறுபடி ஜெயிலுக்குப் போகணுமா?”

“கையெழுத்து முடியட்டும். நான் நிக்கிறேன்.”

முடியப் பதினொன்றரை ஆனது. மையத்துக்கு அழைத்துவந்து, திரைக்குப் பின்னால் ஊசி போட்டாள். மேலாளர் அதற்குள் பதிவேட்டை நிரப்பியிருந்தார்: வரவில்லை.

அவள் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: ‘வந்தார். பத்து மணிக்கு நிலையத்து வரிசையில் நின்றதை நானே பார்த்தேன். ஊசி 11.40.’ கீழே கையெழுத்துப் போட்டாள்.

“கோர்ட்டு கேட்டா நீயா போய் நிப்ப?” என்றார் மேலாளர்.

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“நிப்பேன் சார்,” என்றாள். “ஸ்டேஷன்ல எப்படி ஊசி போடச் சொன்னாங்கன்னும் சொல்வேன்.”