பிழிந்த துணியின் நிறம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளைச் சீட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். துணியிலிருந்து சலவைச் சோடா முழுதும் போய்விட்டதா என்று பார்க்க, கடைசி அலசல் தண்ணீரில் ஒரு காகிதச் சீட்டை நனைப்பது அவள் வேலை. சிவந்தால் அமிலம், நீலமானால் காரம். பச்சையாக நின்றால் இரண்டும் இல்லை, எண் ஏழு. ஐந்து வருடமாக நோட்டில் ஏழு என்று பதியாமல் ஒரு துணியும் அவளைத் தாண்டிப் போனதில்லை.

அன்று காலை குழந்தைகள் வார்டு சிஸ்டர் ஒரு விரிப்பைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார்.

"நாலு பிள்ளைங்களுக்கு முதுகெல்லாம் செவந்து கிடக்கு. நாளையிலேர்ந்து எங்க துணி வெளிச் சலவைக்குப் போகுது."

"நோட்டப் பாருங்க சிஸ்டர். எல்லாம் ஏழு."

"நோட்டையா பிள்ளைக்குக் கீழ விரிக்கிறோம்?"

சிஸ்டர் போய்விட்டார். அந்த வார்டு துணி போனால் அவள் வேலையும் போகும். மூலையில் இஸ்திரி போடும் அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"தங்கச்சி, திட்டாம கேளு. புதுசா வந்த விரிப்புல பத்து நாளா பெட்டி வச்சா மஞ்சளடிக்குது. சோடா மிச்சம் இருந்தாத்தான் அப்படி ஆகும்."

"பத்து நாளா வாயத் தச்சா வச்சிருந்தீங்க?"

"சொன்னா உன் தலை உருளுமேன்னு..."

"இப்ப பிள்ளைங்க முதுகுல விடிஞ்சிருக்கு, அண்ணே."

அலசி முடித்த இயந்திரத்தைத் திறந்தாள். தண்ணீரில் சீட்டை நனைத்தாள். பச்சை. பிறகு விரிப்பின் நுனியை இரு கையாலும் முறுக்கிப் பிழிந்து, சொட்டிய நீரில் இன்னொரு சீட்டைப் பிடித்தாள். நீலம். பத்து!

புது விரிப்பு கம்பளி மாதிரி தடிமன். சோடா அதற்குள்ளேயே தங்கியிருக்கிறது. இத்தனை நாளும் அவள் தண்ணீரைத்தான் கேட்டிருக்கிறாள், துணியைக் கேட்கவில்லை.

நீலச் சீட்டைக் குப்பையில் போட்டிருக்கலாம். பச்சைச் சீட்டு கையில் இருந்தது, நோட்டும் அவள் பக்கம். ஒரு நிமிஷம் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். கேட்பவர்களுக்கு ஒரு மாடி ஏறுகிற தைரியத்தைக் கடவுள் தராமல் இருப்பதில்லை. இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மாடியில் இருந்த வார்டுக்குப் போனாள்.

"தப்பு என்னோடதுதான் சிஸ்டர். துணியப் பிழிஞ்சு பாத்திருக்கணும்."

சிஸ்டர் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"பிள்ளைங்களுக்குத் தெரியுமே."

"சரி. மூணு நாள் தரேன்."

இரண்டு அலசல் கூட்டினாள். காரத்தை முறிக்க, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து கடைசித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் துணியைப் பிழிந்து பார்த்தாள். ஒன்பது, எட்டு. அவசரப்பட்டு ஒரு முறை கை தாராளமாகிவிட, சீட்டு சிவந்தது.

"ஊறுகாயா போடுற?" என்று மூக்கைப் பிடித்தார் அண்ணன்.

மறுபடி அலசினாள். ஏழு. பெட்டியை ஓட்டிய அண்ணன் கூடமே கேட்கக் கத்தினார்: "வெள்ளை!"

நான்காம் நாள் துணி வண்டியைச் சிஸ்டரே தள்ளிக்கொண்டு வந்தார்.

"மூணு பிள்ளைங்களுக்கு ஆறிடுச்சு. நாலாவதுக்கு இன்னும் லேசா செவப்பு இருக்கு."

"அந்தப் பிள்ளையோட துணிய மட்டும் தனியா கொடுங்க சிஸ்டர், இன்னொரு அலசல் போட்டுடறேன்."

"அதுக்குத்தான் தனியா கட்டிக் கொண்டுவந்திருக்கேன்" என்று வண்டியின் மேலிருந்த சின்ன மூட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார் சிஸ்டர்.