உறையாத ஐஸ் தட்டு

கழுத்துக் கட்டி கரையத் தொடங்கியபோது அவள் வீட்டுக்குள் அடைபட்டிருந்தாள். தோலில் தொடங்கி உள்ளே பரவிவிட்ட புற்றுநோய்க்குக் கொடுத்த மாத்திரை, வெயிலை ஆகாததாக்கிவிட்டது. கண்ணாடி வழியே விழுந்த வெளிச்சம்கூட முன்கையைச் சிவந்து கன்ற வைத்தது. ஜன்னல்களுக்கெல்லாம் இரட்டைத் துணியில் திரை தைத்து மாட்டினாள். உள்ளங்கால் தடித்துப்போய், தரையில் நிற்பதே சரளைக்கல்மேல் நிற்பதாக இருந்தது. கணவர் வேலை முடிந்து வரும்போது, "வவ்வாலம்மா, விளக்கு போடலாமா?" என்று அனுமதி கேட்பார்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். காய்ச்சல்தான் அவளைக் கலக்கியது. காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். எலுமிச்சை அளவு கட்டி இப்போது மிளகாகியிருந்தது. நிறுத்தினால் அது விரலுக்கடியில் மறுபடி பருக்கும். அந்த நினைப்பையே அவளால் தாங்க முடியவில்லை.

அதனால் பிற்பகலில் உடம்பு நடுங்கத் தொடங்கினால் கணவர் வரும்வரை ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொள்வாள். காலியான தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். அவர் வந்து நாக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று நிம்மதியடைவார்.

அவர் பிரிட்ஜ் மெக்கானிக். தட்டில் தினமும் தண்ணீர் தளும்புவதைப் பார்த்து, ஊரார் பிரிட்ஜையெல்லாம் ஓடவைக்கிறவன் வீட்டில் இந்தக் கதியா என்று அலுத்துக்கொண்டார். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். அப்போதும் தண்ணீர்தான். விடுமுறையன்று காலையிலிருந்து பிரிட்ஜுக்குக் காவல் இருந்தார். கம்ப்ரசர்மேல் கைவைத்து, நாடி பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் இருந்தவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

பிற்பகலில் தட்டை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு. நான் வீட்ல இருந்தா மட்டும் உறையுது, பாரேன்."

சிரித்துக்கொண்டே திரும்பினார். அவள் போர்வைக்குள் பல் கிட்டிக் கிடந்தாள். அவர் பார்வை தட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. புறங்கையை அவள் நெற்றியில் வைத்தார்.

"எத்தனை நாளா?"

"நிறுத்தச் சொல்லிடுவாங்கங்க."

அவர் போனை எடுத்தார். மாத்திரை கூடாது, உடனே கூட்டி வாருங்கள் என்றாள் நர்ஸ். காய்ச்சல் இறங்கியதும் திரும்பத் தொடங்கலாமாம். எப்போது இறங்கும் என்று அவர் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று இவளுக்குக் கேட்கவில்லை.

வெளியே வெயில் குறையவில்லை. மிஞ்சியிருந்த திரைத்துணியைத் தலையோடு போர்த்தி அவர் அவளை வண்டியில் ஏற்றினார். துணிக்குள் இருட்டாக இருந்தது. வழி நெடுக அவளுடைய இரண்டு விரல்கள் அந்த மிளகின்மேலேயே இருந்தன.