ஆறாவது நாற்காலி

ஏவுகணை சுவரில் மோதுவதற்கு முந்தைய ஒரு நொடியில் முப்பது படங்கள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதுதான் நார்லீன் டாக்கெட்டின் உத்தியோகம். நெவாடா பாலைவனத்துச் சோதனைத் திடலில் பதினெட்டு வருஷமாக இதே வேலை. விமானம் வீசிய ஏவுகணை எங்கே பட்டது, மாதிரி வீட்டுக்குள் எத்தனை பேர் என்பதை அதன் மூக்குக் கேமரா சரியாகச் சொன்னதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

உள்ளே இருப்பவர்கள் பொம்மைகள்தான். அவற்றை வைக்கும் கஸ் அர்ரெடோண்டோ சர்ச்சின் பழைய துணிக் கடையிலிருந்து சட்டை வாங்கி வருவான். முழங்கால் வலிக்காரர்கள் கட்டிக்கொள்ளும் மின்சாரச் சூட்டுப் பட்டையைச் சட்டைக்குள் வைத்துத் தைப்பான். அந்தக் கேமராவுக்குச் சூடுதான் உயிர். சூடாக இருப்பதெல்லாம் வெள்ளையாகத் தெரியும். மனிதன் என்று அதற்குத் தோன்றினால் தானே ஒரு சதுரம் போட்டுக் காட்டும். கிளம்பும் முன் ஒவ்வொரு பொம்மைக்கும் குட்மார்னிங் சொல்வது கஸ்ஸின் வழக்கம். திடலில் எல்லாரும் அவனைக் கிண்டல் செய்வார்கள், அவன் கண்டுகொண்டதே இல்லை.

அன்று பகல் பதினொரு மணிக்கு இருபத்தேழாம் படத்தில் நார்லீனின் விரல் நின்றது. மேசையைச் சுற்றி ஐந்து சதுரங்கள். வாசற்படியில் ஆறாவது.

போனை எடுத்தாள். "கஸ், எத்தனை வச்ச?"

"அஞ்சு. பட்டையே அஞ்சுதானேம்மா இருக்கு. ஏன், ஒண்ணு எந்திரிச்சு ஓடிருச்சா?"

"வாசல்ல ஒருத்தர் நிக்கிறாங்க."

மறுமுனையில் சிரிப்பு நின்றுபோனது. அலுமினியத் துண்டு பொறுக்க வேலியைத் தாண்டி வருகிறவர்கள் உண்டு என்று இருவருக்கும் தெரியும். மூன்று மணிக்குப் புல்டோசர் வந்து எல்லாவற்றையும் நிரவிவிடும்.

மேலாளர் பார்கர் திரையை எட்டிப் பார்த்தார். "இது கேமராக் கண்ணாடிப் பிரதிபலிப்பு. அஞ்சுன்னு எழுதுங்க, முடிஞ்சது."

"ஆளா இருந்தா?"

"மூணு மாசமா நீங்களேதானே பிரதிபலிப்புன்னு எழுதிட்டு வர்றீங்க?"

ஆனாலும் அவள் புல்டோசரை நிறுத்தச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றாள். கஸ்ஸும் வெடிகுண்டுப் பிரிவினர் இருவரும் இடிபாட்டைக் கையால் கிளறினார்கள். இரண்டு மணிக்குக் கஸ் கூப்பிட்டான். "யாரும் இல்லம்மா. ரத்தம் இல்ல, செருப்பு இல்ல. கருகின பொம்மை அஞ்சு. அவ்வளவுதான்."

நிம்மதி வர வேண்டியதுதான். வரவில்லை. பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பிப்ரவரி வரை கணக்கு சுத்தம்: நான்கு வைத்தால் நான்கு, ஏழு வைத்தால் ஏழு. மார்ச்சிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒருவர் கூடுதல். கேமரா மாறவில்லை, கண்ணாடி மாறவில்லை. மார்ச்சில் நடந்தது ஒன்றுதான். இந்த ரக ஏவுகணை கடல் கடந்து போய் முதல்முறையாக நிஜ வீடு ஒன்றின் மேல் விழுந்தது. அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவளும் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

ஏழு பதிவுகள். ஏழிலும் அதே வாசல், அதே ஆள். முதல் பதிவில் முதுகு தெரிந்தது. அப்புறம் தோள், அப்புறம் கன்னம், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே வந்து, இன்றைய படத்தில் நேராகவே பார்த்தது. ஏழின் கீழும் அவள் கையெழுத்து இருந்தது. எப்படி அத்தனை எளிதாகப் பிரதிபலிப்பு என்று தள்ளினேன் என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பார்கர் படிவத்தை நீட்டினார். "ஆறுன்னு எழுதினா மொத்தக் கேமராவும் சந்தேகத்துக்கு வரும். உங்க நாற்காலியும் போகும், என்னோடதும் போகும். நல்லா யோசிச்சுக்குங்க."

நார்லீன் ஆறு என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது.

விசாரணை முடியும்வரை அவள் வேலையில் இருக்கலாம் என்றார்கள். அடுத்த வியாழக்கிழமை இன்னொரு சோதனை. கஸ் யாரையும் கேட்காமல், வாசலருகே காலியாக ஒரு நாற்காலி போட்டிருந்தான்.

"ஏன் கஸ்?"

"எத்தனை நாளுதான் நிக்க வைக்கிறது?"

அவள் பதிவை ஓடவிட்டாள். மேசையைச் சுற்றி ஐந்து சதுரங்கள். வாசற்படியில் யாரும் இல்லை. மூச்சை விட்டாள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பதாம் படத்தில் அந்தக் காலி நாற்காலி வெள்ளையாக இருந்தது, யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல.

நார்லீன் தன் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ளாமல், பின்னால் திறந்திருந்த அறைக் கதவில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று திரும்பியும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.