கடைக்காரர் எடுத்த அழைப்பு

என் கணவருடைய போனின் பின்பக்கக் கண்ணாடியை உடைத்தது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி அலசிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ஈரக்கையோடு ஓடிவந்து எடுத்தேன். வழுக்கித் தரையில் விழுந்தது. திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கம்தான் மூலையிலிருந்து மூலைவரை நொறுங்கியிருந்தது. அகலமான டேப்பை ஒட்டி இரண்டு வாரம் ஓட்டினேன். டேப்பையும் மீறிக் கண்ணாடித் தூள் உதிர்ந்தது. நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில், வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளைச் சட்டையை மடிக்கும்போது என் விரலிலிருந்து ரத்தம் பட்டுவிட்டது. "ஒண்ணு அந்த போனை சரி பண்ணுங்க, இல்லேன்னா வீட்டுல வச்சுட்டு வாங்க" என்றார் முதலாளி.

வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது. தினமும் நாலு மணிக்கு அதில் என் மாமியார் கூப்பிடுவார்.

என் கணவர் இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி இயந்திர அறையில், கையில் ஸ்பேனரோடு, சரிந்து உட்கார்ந்த நிலையில் கண்டெடுத்தார்கள். அத்தை வேறு ஊரில் என் நாத்தனார் வீட்டில் இருந்தார். நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. மகன் போன செய்தியை மூன்று முறை சொன்னோம். மூன்று முறையும் முதல்முறை கேட்பவர்போலவே விழுந்து புரண்டு அழுதார். மறுநாள் அது அவர் நினைவில் இல்லை. "போதும் அண்ணி, இனிமே யாரும் சொல்ல வேணாம். வேலைக்குப் போயிருக்கான்னே சொல்லிடுவோம்" என்றாள் நாத்தனார்.

அதிலிருந்து நாலு மணிக்கு மணி அடிக்கும். எடுப்பேன்.

"அவன் எங்கம்மா?"

"லிஃப்டுக்குள்ள இருக்கார் அத்தை. உள்ள சிக்னல் கிடைக்காதுன்னு போனை என்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கார்."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டார்."

இவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் மூன்றரை மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேசி முடித்தபின் அரை மணி நேரம் எந்தத் துணியை மடித்தேன், யார் பெயரை எழுதினேன் என்று தெரியாது.

போன் கடைக்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்திருப்பார். போனைத் திருப்பிப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னக்கா, மாவுக்கட்டு மாதிரி ஒட்டி வச்சிருக்கீங்க? இந்த டேப்பை உரிக்கவே எனக்குத் தனியா ஒரு நாள் வேணும்."

"நாலு மணிக்குள்ள குடுத்துடுவீங்களா?"

"நாலு மணிக்கு என்ன, ரயிலா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். எட்டு மாதப் பொய்யில் வாய் பழகிப் போயிருந்தது. "கொஞ்சம் அவசர வேலை" என்றேன்.

சூடேற்றும் தட்டின்மேல் வைத்துப் பசையை இளக்க வேண்டும், தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும், புதுக் கண்ணாடியை ஒட்டி இறுக்கி வைத்தால் ஒரு மணி நேரம் காய வேண்டும் என்றார். மூன்றரைக்கு வரச் சொன்னார். போனை அணைத்துவிட்டுத்தானே வேலை செய்வார், அது அடிக்காது, அதற்குள் வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். மேசையோரம் வரிசையாக நாலைந்து பழைய பட்டன் போன்கள் இருந்தன. அவை எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை.

அன்று பார்த்து ஒரு விடுதியிலிருந்து எண்பது படுக்கை விரிப்புகள் வந்து இறங்கின. நான் போன் கடைக்குத் திரும்பியபோது மணி நாலு இருபது.

டாக்டர் எழுந்து நின்றார். போன் தயாராக இருந்தது. ஆனால் அவர் அதை நீட்டவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் இப்ப எங்க இருக்கார்?"

"ஏன்?"

"ரிப்பேருக்கு வர்ற போன்லேருந்து சிம்மைக் கழட்டி இந்த பட்டன் போன்ல போட்டு வைப்பேன். யாருக்காவது அவசர கால் வந்தா, 'போன் கடையில இருக்கு, அப்புறம் கூப்பிடுங்க'ன்னு சொல்லிடுவேன். எல்லாருக்கும் பண்றதுதான். நாலு மணிக்கு ஒரு அம்மா கூப்பிட்டாங்க. ஹலோன்னேன். அவ்வளவுதான். என்னைப் பேச விட்டாத்தானே!"

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். "என்ன சொன்னாங்க?"

"'வந்துட்டியாடா, உன் குரலைக் கேட்டு எவ்ளோ நாளாச்சு'ன்னாங்க. நான் கடைக்காரன்மான்னு சொன்னேன். காதுலயே வாங்கல. சாப்பிட்டியான்னாங்க. சாப்பிட்டேன்னேன். நிஜமாவே சாப்பிட்டிருந்தேன்." அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அப்புறம் திட்ட ஆரம்பிச்சாங்க."

"எதுக்கு?"

"சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லுங்க."

"'எந்த லிஃப்ட்டுடா அது, ஏறினவன் இறங்கவே மாட்டேங்கறே? நான் என்ன சின்னக் குழந்தையா? அவளைத் தனியா விட்டுட்டு எவ வீட்டுல போய் இருக்கே? அந்தப் பொண்ணு உன்னைக் காட்டிக் குடுக்காம தினமும் எனக்குக் கதை சொல்றா. அவ குரல்லயே தெரியுதுடா. வெட்கமா இல்ல உனக்கு? இன்னைக்கே வீட்டுக்குப் போ'ன்னு ஒரே அழுகை. 'போறேம்மா, இன்னைக்கே போறேன்'னு சொல்லிட்டு வச்சுட்டேன். தப்பா அக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அத்தைக்கு நேற்று நடந்தது நினைவில்லை. ஆனால் நான் சொன்ன பொய்கள் எங்கோ தங்கியிருந்திருக்கின்றன. நாள் கணக்கு மறந்தாலும் வருத்தம் மட்டும் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. என் கணவர் பக்கத்துத் தெருவுக்குப் போனால்கூடச் சொல்லிவிட்டுப் போகிறவர். மழைக்கு ஒதுங்கினால், ஒதுங்கியிருக்கிறேன் என்று போன் செய்கிறவர். அவரைப் பெற்றவளே இப்படி நினைக்கும்படி செய்துவிட்டேனே என்று இருந்தது.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிம்மைத் திரும்பப் போட்டு, போனை உயிர்ப்பித்து, துணியால் துடைத்து என் கையில் வைத்தார். புதுக் கண்ணாடி இன்னும் லேசாகச் சூடாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அத்தையைக் கூப்பிட்டேன்.

"வந்துட்டானா?" என்றார், எடுத்ததும்.

வந்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை.

"அத்தை, அவர் யார் வீட்டுக்கும் போகல. செத்துப் போயிட்டார். வேலை செஞ்ச இடத்துல. எட்டு மாசம் ஆச்சு."

"உன்கூட சண்டை போட்டுட்டுப் போனானா?"

"இல்ல அத்தை. டீ குடிச்சார். சாயங்காலம் சீக்கிரம் வரேன்னுட்டுப் போனார்."

"அப்ப உன்னை விட்டுட்டு ஓடல."

"ஓடல அத்தை."

"அப்ப பேசினது யாரு?"

"போன் ரிப்பேர் பண்றவர்."

"நல்ல பையன்" என்றார் அத்தை. அதன்பின் அழத் தொடங்கினார். நான்காவது முறை. நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. டாக்டர் சூடேற்றும் தட்டை அணைத்துவிட்டுத் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நாத்தனார் போனை வாங்கினாள். "ஏன் அண்ணி சொன்னீங்க? சொல்லிட்டு நீங்க போனை வச்சுடுவீங்க. இங்க இருந்து சமாளிக்கறவ நான்."

அவள் சொன்னது சரிதான். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நான் அங்கே போகவில்லை. தூரத்திலிருந்து பொய் சொல்வதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

"காலையில கிளம்பி வரேன்" என்றேன். "இனிமே அவங்க கேட்டா நான் சொல்லிக்கறேன். எத்தனை தடவை கேட்டாலும் நானே சொல்றேன்."

"கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க அண்ணி. சும்மா இல்ல அது."

"கேக்கட்டும்."

பின்னால் அத்தையின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது.

"வரும்போது ஒரு போர்வை கொண்டாங்க" என்றாள். "இங்க உங்களுக்குக் குடுக்க இல்ல."